வெயிலைக் கடைசியாகப் பார்த்த மணல்

1

"நீங்கதான் நகர்ந்தீங்க."

"நானா? நான் நின்ன இடத்துலயே நிக்கிறேன். நீதான் வலது பக்கமா நகர்ந்துட்டே."

"இங்கேருந்து பார்த்தா நீங்கதான் எனக்கு வலது பக்கமா போயிருக்கீங்க."

"அப்ப ரெண்டு பேரும் சொல்றது சரி."

"ரெண்டு பேரும் சரின்னா அப்புறம் எப்படிங்க சண்டை போடுறது?"

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வீட்டில் விருந்து. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கணவனும் மனைவியும் தங்களுடைய பழைய பேச்சு ஒன்றை எல்லாருக்கும் நடித்துக் காட்டினார்கள். கல்யாணமான புதிதில், தரையில் ஓடும் ஒரு பிளவின் இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும் நின்றுகொண்டு பேசியதாம். பூமியின் இரண்டு துண்டுகள் மேலே ஏறாமல், கீழே இறங்காமல், ஒன்றையொன்று உரசியபடி பக்கவாட்டில் நழுவுகிற இடம் அது. இந்தக் கரையில் நிற்பவருக்கு அந்தக் கரை வலப்புறம் போயிருக்கும். அங்கே போய்த் திரும்பி நின்று பார்த்தால் இந்தக் கரைதான் வலப்புறம் போயிருக்கும். சந்தேகமிருந்தால் இரண்டு புத்தகங்களை ஒட்டிவைத்து நழுவவிட்டுப் பாருங்கள். (நான் பார்த்தேன். என்னுடைய பழைய நாவல்கள் இரண்டு. அவற்றால் இப்படியும் ஒரு பயன்.)

எல்லாரும் சிரித்தோம். சாப்பாடு முடிந்து வாசலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் இருவரும் வேறு வேறு ஊரிலிருந்து வந்திருந்தார்கள். வேறு வேறு ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள்.

"குடை எடுத்துக்கிட்டீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"ம்" என்றார் அவர்.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"பூமி ஒருமுறை குலுங்கியது. அலமாரியிலிருந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாக—"

நிறுத்திவிட்டேன். இந்தப் பிளவு யாருக்கும் நினைவு தெரிந்து குலுங்கியதில்லை. ஊருக்கு நடுவே, மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் இடையில் அது ஓடுகிறது. நடைபாதையின் ஓரக்கல் அங்கே ஒரு கை அகலத்துக்கு விலகியிருக்கும். யாரோ சிமெண்டு பூசுவார்கள். சில வருடங்களில் பூச்சு விரிசல் விடும். மறுபடியும் பூசுவார்கள். அவ்வளவுதான் ஊருக்கும் அதற்கும் உள்ள உறவு.

இரண்டாவது தொடக்கம்:

"அவள் கண்ணாடி முன் நின்று, காதோரத்தில் புதிதாக வந்திருந்த நரையை—"

இதையும் விட்டுவிட்டேன். நான் எழுதிய எல்லாக் கதாநாயகிகளும் ஒருமுறையாவது கண்ணாடி முன் நின்றிருக்கிறார்கள். இவளுக்கு அதற்கு நேரமில்லை. முகத்தில் சேறு இருக்கிறதா என்று ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் பார்ப்பாள். இருந்தால் புறங்கையால் துடைப்பாள். அது இன்னும் பரவும்.

ஆகவே மூன்றாவது தொடக்கம். இதை மாற்றப் போவதில்லை.

3

அளவைக்காரி பள்ளத்துக்குள் நின்றிருந்தாள். ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, மலையடிவாரத்தில், பிளவுக்குக் குறுக்கே வெட்டிய பள்ளம். அவள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் ஆழம். சுவரைக் கொத்தனார் கரண்டியால் வழித்து, ஆணி அடித்து, நூல் கட்டி, கட்டம் கட்டமாகப் பிரித்து, மண்ணடுக்குகள் மாறுகிற இடங்களிலெல்லாம் கலர் குண்டூசி குத்தி வைத்திருந்தாள்.

"மேடம், இதுல என்ன பைப் வருது?" என்று மேலேயிருந்து பொக்லைன்காரர் கேட்டார். காலையிலிருந்து கேட்க நினைத்திருப்பார்போல.

"பைப் அப்புறம்தான் வரும். இப்ப ஒண்ணும் போடல."

"கேபிளா?"

"அதுவும் இல்லைங்க. பார்த்துட்டு மூடிடுவோம்."

"பார்க்கறதுக்கா இவ்வளவு பெரிய பள்ளம்?" அவர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "சரி, மூடும்போது சொல்லுங்க. மூடுறதுலயாவது எனக்குப் புரியிற மாதிரி ஏதாவது இருக்கட்டும்."

நகராட்சி, மலைக்கு அப்பாலுள்ள ஏரியிலிருந்து ஊருக்குப் புதுக் குடிநீர்க் குழாய் கொண்டுவரப் போகிறது. அது இந்தப் பிளவைத் தாண்டித்தான் வர வேண்டும். தரை எவ்வளவு வேகத்தில் நழுவுகிறது என்று தெரிந்தால்தான் அந்த இடத்தில் குழாய்க்கு எவ்வளவு வளைந்து கொடுக்கும் இணைப்பு வைப்பது என்று தீர்மானிக்க முடியும். ஓரக்கல் இன்றைய வேகத்தைச் சொல்லிவிடும். ஆனால் ஆயிரக்கணக்கான வருடக் கணக்கில் பார்த்தால் தரை இதைவிட அதிகம் நகர்ந்திருக்கிறது என்று தெரிந்தால், மிச்சத்தை அது உள்ளே அடக்கி வைத்திருக்கிறது என்று பொருள். ஒருநாள் மொத்தமாக வரும். அந்த நீண்ட கணக்குத்தான் அளவைக்காரியின் வேலை.

அதற்கு அவளிடம் இருந்தது ஒரு செத்த ஓடை.

முன்னொரு காலத்தில் மலையிலிருந்து ஓர் ஓடை நேராக இறங்கிப் பிளவைக் கடந்து சமவெளிக்குப் போனது. தரை நழுவ நழுவ, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி மறுபக்கமும் போயின. தண்ணீர் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டது. கீழ்பாதி மட்டும் வறண்டு, கூழாங்கல்லும் மணலும் நிறைந்த வெறும் தடமாக அப்படியே கிடந்தது. பள்ளத்தின் சுவரில் அது ஒரு கிண்ணத்தின் குறுக்குவெட்டுப் போலத் தெரியும். தன் மேல்பாதி எது என்பது அந்தக் கிண்ணத்துக்குத் தெரியாது. (மேலே உள்ள வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். கிண்ணத்துக்கு எதுவும் தெரியாது என்று எனக்கும் தெரியும். இருக்கட்டும்.)

மலைப்பக்கம் இரண்டு ஓடைகள் இருந்தன. ஒன்று பக்கத்தில். இன்னொன்று அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில். செத்த ஓடையின் மேல்பாதி தூரத்து ஓடைதான் என்று அளவைக்காரி வருடக்கணக்காகச் சொல்லிவந்தாள். அகலம் பொருந்தியது. கரையின் சரிவு பொருந்தியது. ஒரு சின்ன வளைவுகூட, கிழிந்த காகிதத்தின் இரண்டு ஓரங்களைப் போலப் பொருந்தியது. அவள் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் கடைசிப் படமாக அதைத்தான் காட்டுவாள். அவ்வளவு தூரத்தில் இருப்பது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அவளுக்குப் பிடித்திருந்தது.

4

தூரம் மட்டும் போதாது. எத்தனை காலத்தில் அந்தத் தூரம் என்று தெரிய வேண்டும். காலத்தைச் சொல்கிறவர் அவளுடைய கணவர்.

அவருடைய வேலையை இப்படிப் புரிந்துகொண்டேன். (தப்பாக இருந்தால் அவர் திருத்தட்டும், விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவர் விளக்கியதை ஒட்டுக்கேட்டதுதான்.) மணல் மூடப்பட்டு இருட்டில் கிடக்கும் காலமெல்லாம், சுற்றியுள்ள மண்ணிலிருந்து வரும் மெல்லிய கதிர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள் சேர்த்துக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் சேர்த்ததெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். ஆகவே அந்த மணலை இருட்டிலேயே எடுத்து, இருட்டிலேயே கொண்டுபோய், அவர் தருகிற ஒளியில் அது எவ்வளவு மினுங்குகிறது என்று அளந்தால், அது கடைசியாக வெயிலைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று தெரிந்துவிடும்.

"ஊர்ல யாராவது உம் புருஷன் என்ன பண்றான்னு கேட்டா, மணல்னு சொல்லிடாதே" என்று அவளுடைய மாமியார் சொல்வார். "போன மாசம் அப்படித்தான் சொன்னேன். அந்தம்மா ஒரு மாதிரி பார்த்துட்டு, எத்தனை லாரி ஓடுதுன்னு கேக்குது."

மணல்காரரின் ஆய்வுக்கூடம் முன்பு இதே ஊரில் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் அதைப் பெரிய நகரத்துக்கு மாற்றினார்கள். பகல் முழுவதும் பஸ்ஸில் போக வேண்டிய தூரம். அந்தச் செய்தி வந்த அன்று அவர் சமையலறை வாசலில் நின்றார். அவள் குக்கரின் ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். அது உட்காரவே மாட்டேனென்றது.

"போகட்டுமா?" என்றார்.

"உங்க வேலைங்க. போங்க" என்றாள்.

போகாதீங்க என்று அவள் சொல்வாள் என்று அவர் ஒரு நிமிஷம் நின்றார். நீயும் வா என்று அவர் சொல்வார் என்று அவள் வளையத்தை மாட்டி முடிக்காமல் வைத்திருந்தாள். பிறகு அவர் பெட்டி எங்கே என்று கேட்டார். பரண்மேல் இருக்கிறது என்றாள்.

சண்டை இல்லை. இதுதான் எழுதுகிறவளுக்கு வரும் கஷ்டம். சண்டை இருந்தால் சமாதானத்தை எழுதிவிடலாம். மாதத்துக்கு ஒருமுறை வருவார், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. போனில் தினமும் பேசுவார்கள். மாதிரி வந்து சேர்ந்ததா, முடிவு எப்போது, உங்கம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை, கேஸ் மாற்றிவிட்டேன். "திரும்பி வந்துடுங்க" என்ற இரண்டு வார்த்தைகளைத் தவிர மற்ற எல்லா வார்த்தைகளையும் அவள் அந்தப் போனில் பேசியிருக்கிறாள். போகச் சொன்னவளே எப்படி வரச் சொல்வது? வந்தால் அவருடைய இருட்டறைக்கு என்ன வழி? இந்த இரண்டு கேள்விகளையும் அவள் மாற்றி மாற்றித் தனக்கு முன்னால் வைத்துக்கொள்வாள், ஒன்று சலித்தால் மற்றொன்று.

பள்ளத்துச் சுவரில் அடித்து மணல் எடுத்த இரும்புக் குழாயின் இரண்டு முனைகளையும் அவள் மூடி, வெளிச்சம் புகாமல் கறுப்பு டேப் சுற்றி அனுப்புவாள். கத்தரிக்கோல் எப்போதும் ஜீப்பில் இருக்கும். அவள் எப்போதும் பள்ளத்தில் இருப்பாள். டேப்பைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பாள். மணல்காரர் தம் இருட்டறையில், மங்கிய சிவப்பு விளக்கில், டேப்பின் நுனியைத் தேடும்போது அந்தப் பல் தடம் விரலில் நெருடும். அதைச் சிறிது நேரம் தடவிவிட்டுத்தான் பிரிப்பார்.

(இதை அவர் சொல்லவில்லை. நானாக எழுதினேன். ஆனால் எழுதியபின் இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை.)

5

இங்கே ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இப்போது கதையில் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் மணல்காரருக்கு ஓர் உதவியாளரை வைத்திருந்தேன். முப்பது வயது, கண்ணாடி வளையல், சிரித்தால் கன்னத்தில் குழி. குடும்பக் கதை படிக்கிறவர்கள் இந்த நேரத்தில் அப்படி ஒருத்தியை எதிர்பார்ப்பார்கள்; ஏமாற்றக் கூடாது என்று நினைத்தேன். இரண்டு அத்தியாயம் எழுதினேன். அவளும் மணல்காரரும் இருட்டறையில் தனியாக—

சரியாக வரவில்லை. அவர் அவளிடமும் தம் மனைவியின் பள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவள் பாவம், கொட்டாவியை அடக்கிக்கொண்டு நின்றாள். ஒரு நாள் நல்ல இடத்தில் வேலை கிடைத்து என் கதையை விட்டுப் போய்விட்டாள். வாழ்த்தி அனுப்பினேன். வளையல் மட்டும் கொஞ்சம் வருத்தம். நல்ல நிறம் தேர்ந்தெடுத்திருந்தேன்.

அவள் போன இடத்தில் மாமியார் வந்து உட்கார்ந்துகொண்டார். மகன் நகரத்துக்குப் போனபோது இவர் போகவில்லை. "அங்க வந்து நான் யாரோட சண்டை போடுறது? உன் பொண்டாட்டி இங்கதானே இருக்கா" என்று சொல்லிவிட்டார். மருமகளும் மாமியாரும் ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருக்கும். அதில் தினசரிப் பேப்பர், ரிமோட், மூட்டுவலித் தைலம், அளவைக்காரியின் தொப்பி எல்லாம் கிடக்கும். விருந்தாளி வந்தால் நாற்காலி போடுவார்களே தவிர, அந்த இடத்தை ஒழித்துத் தர மாட்டார்கள்.

6

செத்த ஓடையின் மணலுக்கு முடிவு வந்தது. மணல்காரர் போனில் சொன்னார்.

"நீ நினைச்ச வயசு இல்ல. ரொம்ப இளசு."

"எவ்வளவு இளசு?"

சொன்னார். அவள் மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். தூரத்து ஓடைவரை உள்ள தூரத்தை இந்தக் காலத்தால் வகுத்தால், தரை நகரவில்லை, ஓடுகிறது என்று அர்த்தம். அப்படி ஒரு வேகம் நடக்காது. ஆகவே ஒன்று, தூரம் தப்பு: அவள் சேர்த்து வைத்த இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. அல்லது காலம் தப்பு: எங்கேயோ, எப்படியோ, மணலில் வெளிச்சம் பட்டுவிட்டது. வெளிச்சம் பட்ட மணல் தன் வயதைக் குறைத்துத்தான் சொல்லும்.

"உங்க பக்கம் வெளிச்சம் பட்டிருக்கும்" என்றாள்.

சொன்னவுடனே அவளுக்கே சுருக்கென்றது. இருபது வருடமாக இருட்டில் வேலை செய்கிறவர். தம் இருட்டறைக் கதவுக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்து, அதற்கும் மேல் ஒரு பலகை வைத்து, அதற்கும் மேல் தாமே குனிந்து பார்க்கிறவர். அவரிடம் போய்ச் சொன்னால், சமையல்காரரிடம் உப்புப் போட்டீர்களா என்று கேட்ட மாதிரி. கோபப்படுவார் என்று காத்திருந்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாமா?"

"இருக்கலாம். வேற மாதிரி எடுக்கணும். குழாயை அடிக்கும்போதே மேலே தார்ப்பாய் போட்டு, முழு இருட்டுல எடுத்துடலாம். நானே வரேன்."

போனை வைத்தபின் அவளுக்கு எரிச்சலாக வந்தது. விட்டுக்கொடுத்துவிட்டார். எப்போதும் இப்படித்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சத்தமில்லாமல் நகர்ந்துகொள்வார்.

"என்னம்மா சொல்றான்?" என்றார் மாமியார்.

"வராராம், அத்தை."

"எதுக்கு?"

"மணல் எடுக்க."

"வேற எதுக்குத்தான் வருவான்" என்று மாமியார் சொன்னார். ஆனால் எழுந்துபோய் சோபாவின் நடுவிலிருந்த தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டினார்.

7

அவர் வருவதற்கு முந்தின நாளே அவள் மலைப்பக்கம் ஏறினாள்.

இதுவரை ஏன் ஏறவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஏறியிருக்கிறாள். தூரத்து ஓடையில் பலமுறை. பக்கத்து ஓடைக்குள் ஒரே ஒருமுறை, அதுவும் அவசரமாக. பிடித்துப்போனதற்குச் சாட்சி தேடுகிறவர்கள், பிடிக்காததன் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.

தூரத்து ஓடை முழுக்கச் சிவந்த கல். பக்கத்து ஓடையின் மேல் வளைவில், புதருக்குப் பின்னால், பாறை பச்சையாக இருந்தது. மங்கிய, ஈரமான பாசிப்பயறு நிறம். அவள் ஒரு துண்டை உடைத்து எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு வந்தாள். செத்த ஓடையின் கிண்ணத்தில், மேலாக இருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்தாள். கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக நிறம் காட்டின. பச்சை. அடுத்ததும் பச்சை.

ஆகவே தூரம்தான் தப்பு. மணல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அவர் அறையில் வெளிச்சம் படவில்லை. மேல்பாதி பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அவள் போனை எடுத்தாள். சொல்லிவிட்டால் அவர் வர வேண்டிய அவசியமில்லை. புது மணல் தேவையில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடுவார். ரொம்பச் சாதாரணமாக, 'அப்ப சரி, அடுத்த மாசம் பார்க்கலாம்' என்பார்.

போனைப் பைக்குள் வைத்துவிட்டாள். அந்தப் பச்சைக் கல்லையும்.

8

இனி முடிவு. எழுதிப் பார்த்தவற்றை ஒளிக்காமல் காட்டிவிடுகிறேன்.

ஒன்று. சாப்பாட்டு மேசையில் மாமியார் உடைத்துச் சொல்லிவிடுகிறார்: "ஏண்டா, அவ கேக்க மாட்டா. நான் கேக்கறேன். வந்துடு." மூவரும் கண் கலங்குகிறார்கள். இதைப் பத்திரிகைக்கு அனுப்பினால் மறுநாளே போட்டுவிடுவார்கள். ஆனால் அளவைக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கேட்க வேண்டியதை இன்னொருவர் வாயில் வைத்துக் கேட்க எனக்கு என்ன உரிமை என்கிற பார்வை. கிழித்துவிட்டேன்.

இரண்டு. மணல்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கையில் பெரிய பெட்டி. கேட்காமலே வந்துவிட்டார். இந்த முடிவை நான் ஒரு மாதம் வைத்திருந்தேன். எழுந்ததும் எடுத்துப் படித்துச் சந்தோஷப்படுவேன். பிறகு புரிந்தது. அவள் கேட்காமலே அவர் வந்துவிட்டால், அவள் கடைசிவரை கேட்கவே வேண்டியதில்லை. அவளுக்குள் சேர்ந்தது சேர்ந்தபடியே கிடக்கும்.

மூன்று. மணல் எடுக்கிறார்கள், டேப் சுற்றுகிறார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "குடை எடுத்துக்கிட்டீங்களா?" "ம்." முற்றும்.

மூன்றாவதுதான் உண்மையில் நடக்கக்கூடியது. எனக்கும் உங்களுக்கும் தெரிந்த எத்தனையோ வீடுகளில் அதுதான் நடந்தது. அதனாலேயே அதை எழுத விருப்பமில்லை.

9

மணல்காரர் ராத்திரி பஸ் பிடித்து, காலையில் ஒரு சின்னப் பையோடு வந்தார். (பெரிய பெட்டி இல்லை. பார்த்துக்கொள்ளுங்கள், நான் நேர்மையாக இருக்கிறேன்.) மாமியார் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார். "நல்லா இளைச்சுட்டே" என்று மாமியார் சொன்னார். இளைக்கவில்லை, இரண்டு கிலோ கூடியிருந்தார். சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். பிறகு பள்ளத்துக்குப் போனார்கள்.

நல்ல வெயில். கறுப்புத் தார்ப்பாயை இரண்டு மடிப்பாகப் பள்ளத்தின் மேல் விரித்து, சுவரோடு சேர்த்துத் தொங்கவிட்டு, ஓரமெல்லாம் மண் போட்டு அமுக்கினார் பொக்லைன்காரர். "உள்ளே மூச்சு முட்டுச்சுன்னா ஒரு சத்தம் குடுங்க மேடம்" என்றார். "முட்டினாலும் நீங்களா திறக்காதீங்க" என்றாள் அவள். "வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு. குழாயை மூடி நாங்க சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது."

இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். கடைசி ஓரத்தையும் மண் மூடியது.

இதற்குமேல் என்னால் பார்க்க முடியாது. நான் வெளியே, பொக்லைன்காரருக்குப் பக்கத்தில், காற்றில் எழும்பும் ஒரு மூலையைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் எப்படி உட்கார்ந்தாள், கை எங்கே இருந்தது, இதெல்லாம் வழக்கமாக நான் நன்றாக எழுதுவேன். இன்று முடியவில்லை. காது மட்டும் இருக்கிறது.

"குழாயைக் குடு."

"இந்தாங்க. அது என் கை."

"தெரியுது."

சுத்தியல் சத்தம். நான்கைந்து அடி. நின்றது.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"இந்த மணல் தேவையில்லைங்க. நான்தான் தப்பு. பக்கத்து ஓடைதான். கல்லெல்லாம் பச்சை. நேத்தே பார்த்துட்டேன்."

பொக்லைன்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் மணல்காரர்.

"என்ன தெரியும்?"

"பச்சைக் கல்லு. குழாயோட ரெண்டு முனையிலயும் கொஞ்சம் மண்ணை நாங்க ஒதுக்கிடுவோமில்ல, வெளிச்சம் பட்டிருக்கும்னு. அதை வெளியே வச்சுத்தான் பார்ப்பேன். பச்சையா நாலு பொடிக்கல்லு கிடந்துச்சு. இந்தப் பக்கம் பச்சைப் பாறை பக்கத்து ஓடையில மட்டும்தான் இருக்குன்னு அன்னைக்கே வரைபடத்துல பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் வெளிச்சம் பட்டிருக்கலாம்னு சொன்னீங்க?"

"இல்லைன்னு சொல்லியிருந்தா போன்லயே முடிஞ்சிருக்கும்."

உள்ளே ஒரு சிரிப்புக் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. முதலில் ஒன்று, பிறகு இரண்டு. தார்ப்பாய் அசைந்தது. "நல்லாத்தானே இருக்காங்க?" என்று பொக்லைன்காரர் மெதுவாகக் கேட்டார். "நல்லா இருக்காங்க" என்றேன்.

"நேத்தே தெரிஞ்சும் நீ ஏன் சொல்லல?" என்றார் அவர் உள்ளே.

அவள் பதில் சொல்லவில்லை.

நான் இதுவரை எழுதிய எல்லாக் கதைகளிலும், இப்படி ஒருத்தி வாய் திறக்காமல் நிற்கும்போது, அவளுக்குப் பின்னாலிருந்து வார்த்தையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இன்று மூலையை மிதித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். அவள் சொல்லாமல் போனால் மூன்றாவது முடிவுதான். எழுதி வைத்திருக்கிறேன், அதைப் போட்டுவிடுவேன். சொல்லிவிட்டால், அதற்கு அவர் என்ன பதில் சொல்வார், இருட்டறையை என்ன செய்வார், இதெல்லாம் என் கணக்கில் இல்லை. நீங்கள் என்னைவிட அதிகம் வீடுகளைப் பார்த்தவர்களாக இருக்கலாம். இந்த மூலையை இப்போது நீங்கள் வந்து மிதித்துக்கொள்ளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும்போது திறந்துவிடுங்கள்.

"போதும், மூடியைக் குடு. மூடிட்டு வெளியே போலாம்" என்றார் மணல்காரர். "பஸ் வேற—"

"மூடி எங்கிட்டதான் இருக்கு."

"குடு."

"குடுக்கறேன். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. நீங்களா விட்டுக்கொடுத்தா வேண்டாம், எனக்காகன்னு நினைச்சும் வேண்டாம். யோசிச்சுப் பதில் சொல்லுங்க. முடியாதுன்னாலும் சொல்லுங்க. ஆறு வருஷமா இதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

"என்னது?"

"போகாதீங்க. என்கூடவே இருந்துடுங்க."